வீரியம் குறைந்த மருந்தும் வாடிப்பட்டிச் சேவலும்

தைப்பிங் நகரில் வழக்கம்போல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், மதுரையிலிருந்து என் தம்பி மகள் பூங்கோதை அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. உள்ளே நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்று, மஞ்சள் தாள், முகப்பில் ஒரு கோழியின் படம். அதிலிருந்த தமிழ் முழுவதும் என்னுடையது; அவள் கடிதத்தில் கேட்டு நான் எழுதி அனுப்பியது. ரப்பர்த் தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கலப்பவனாக வாழ்நாளைக் கழித்தவன் நான். பள்ளியில் கிடைக்காத கல்வியை அகராதிகளிடம் பெற்று, மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் கண்டு, நாற்பது ஆண்டுகளாகக் குறிப்பேடுகளில் எழுதி வருகிறேன். அவற்றுள் ஒரு சொல்லேனும் அச்சேறியது அதுவே முதன்முறை. அதை மக்கள் கையில் வைத்துப் படிப்பதைக் காணவேண்டும் என்ற ஆவல் எழுந்தது. எண்பதுகளின் நடுவில் நான் மேற்கொண்ட மதுரைப் பயணத்திற்கு அந்த ஆவலே காரணம்.

பூங்கோதை பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்பவள். எருமைக்குத் தொண்டை அடைப்பானையும் கோழிக்குக் காலராவையும் உண்டாக்குகிற ஓர் இனக் கிருமியில், கொல்லும் ஆற்றலைத் தருகிற மரபணு எது என்று தேடுவது அவள் தொழில். அந்த ஆற்றலை இழந்துவிட்ட கிருமி வகை ஒன்றை அவள் வளர்த்தெடுத்திருந்தாள். அதையே தடுப்பு மருந்தாகக் கோழிகளுக்குப் போட்டுப் பார்க்க உரிய அனுமதியும் பெற்றிருந்தாள். துண்டறிக்கை அந்த மருந்தைப் பற்றியது.

பழங்காநத்தத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அவள் குடியிருந்தாள். நான் சென்று சேர்ந்த காலையில், கடைக்காரர் பித்தளைக் குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஓசை படியேறி எனக்கு முன்பே வீட்டிற்குள் வந்திருந்தது. பூங்கோதை ஒரு குவளை பருத்திப்பாலைக் கொடுத்தாள். எங்கள் நாட்டில் தேங்காய்ப்பாலில் சோறு சமைப்போம். பருத்திக் கொட்டையையும் பிழிந்து பால் எடுக்கலாம் என்பதை அறுபத்தெட்டு வயதில்தான் என் நாக்கு அறிந்தது. சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த அந்தப் பானத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

குவளையைக் கீழே வைத்ததும் துண்டறிக்கையைப் பற்றிக் கேட்டேன்.

"எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க பெரியப்பா. ஊசி போட மட்டும் ஒருத்தரும் ஒத்துக்கல" என்றாள்.

பின்னர் விவரமாகச் சொன்னாள். வாடிப்பட்டிக்கு அப்பால் கால்வாயின் மேல்கரையில் கோழிக் காலரா தொடங்கிவிட்டது. மாலையில் நன்றாக இருக்கும் கோழி, காலையில் கொண்டை நீலம் பாய்ந்து விறைத்துக் கிடக்கிறது. கீழ்க்கரையில் முதல் வீடு பேச்சியம்மாள் என்பவருடையது. இரண்டு கொட்டகை நிறைய முட்டைக் கோழிகள் வைத்திருக்கிறார். கணவன் மனைவி இருவரும் பிறர் வயலில் நாற்று நட்டு, களையெடுத்து வந்தவர்கள். முதன்முதலாகத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் கொட்டகைகளைத்தான் கட்டினார்கள். நோய் கால்வாயைத் தாண்டினால் இவர்கள் மீண்டும் கூலிக்குத்தான் போகவேண்டும். மருந்து பலன் தர இரண்டு வாரமாவது ஆகும் என்பதால் இப்போதே போட்டாக வேண்டும். பேச்சியம்மாளோ மறுத்துவிட்டார், காரணமும் சொல்லவில்லை. அவர் போடாவிட்டால் ஊரில் வேறெவரும் போடமாட்டார்கள்.

மொழியில் குறை இருக்க இயலாது என்று நான் உறுதியாகக் கூறினேன். பூங்கோதை குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள்.

அன்று மாலை தனியாக ஊர் பார்க்கப் புறப்பட்டுத் தவறான பேருந்தில் ஏறினேன். எனக்குப் பின்னால் இரு பெண்மணிகள் சௌராஷ்டிர மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அருகிலிருந்தவரைக் கேட்டேன். அவர் தயங்காமல் மொழிபெயர்த்தார்: இந்தப் பெரியவர் மூன்று நிறுத்தமாக எழுவதும் உட்காருவதுமாக இருக்கிறார், ஒரு முடிவுக்கு வந்தால் நாமாவது உட்காரலாம். நான் உடனே எழுந்து இடம் கொடுத்தேன். அவர்கள் வெட்கப்பட்டு, வில்லாபுரத்தில் என்னைப் பத்திரமாக இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் நின்றால் திரும்பும் பேருந்து வரும் என்று தமிழில் வழி சொன்னார்கள்.

காத்திருந்த இடத்தில் எதிர்ச்சுவர் முழுவதும் விதை விளம்பரம் எழுதியிருந்தது. 'வீரிய ஒட்டுப் பருத்தி' என்று ஆளுயர எழுத்துகள். அயலூரில் உறவினரைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன். ஏனெனில், கிருமியின் கொல்லும் ஆற்றலுக்கு என் துண்டறிக்கையில் நான் இட்ட பெயரும் 'வீரியம்' என்பதே. இச்சொல் மதுரைச் சுவர்களில் இவ்வளவு உயிரோடு திகழ்கிறதே என்று எண்ணியபடி பேருந்தில் ஏறினேன். அந்தச் சுவர் எனக்கு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அப்போது விளங்கவில்லை.

மறுநாள் பூங்கோதை ஆய்வகத்தைக் காட்டினாள். தோட்டத்து மருத்துவமனையில் நான் கண்ட கண்ணாடிக் குடுவைகள் இங்கேயும் இருந்தன. நாற்றமும் ஏறக்குறைய அதுவே. இரண்டு வட்டத் தட்டுகளைச் சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ஒன்றில் வளர்ந்திருந்த கிருமிக் கூட்டங்கள் பச்சையும் சிவப்புமாக மினுமினுத்தன, பட்டுச் சேலையை மடிப்புக் கலைத்ததுபோல. மற்றொன்றில் இருந்தவை மங்கிய சாம்பல் நீலம்.

மினுமினுப்பவை கொல்லும் கிருமிகள் என்றாள். அவை தம்மேல் கூழ்போன்ற ஒரு போர்வையைச் சுரந்து போர்த்திக்கொள்கின்றன. கோழியின் குருதியிலுள்ள காவலணுக்களால் போர்வைக்குள் இருப்பதைப் பிடிக்க முடிவதில்லை. போர்வை நெய்வதற்கு ஒரு மரபணு வேண்டும். சாம்பல் நிறக் கிருமிகள் அதை இழந்தவை. கோழிக்குள் சென்றால் அவையும் சிறிது பெருகும், ஆனால் அகப்பட்டுக்கொள்ளும். அகப்பட்டதைப் பார்த்துப் பழகிய கோழி, பின்னர் போர்வையோடு வருவதையும் அடையாளம் கண்டுகொள்ளும். அழகைக் கண்டால் ஐயுறவேண்டும் என்று அந்தத் தட்டுகளுக்கு முன் நின்று நான் கூறியதற்கு, கல்யாணப் பேச்சு எடுக்காதீங்க பெரியப்பா என்று அவள் சிரித்தாள்.

மூன்றாம் நாள் வாடிப்பட்டிக்குப் புறப்பட்டோம். மருந்துக் குப்பிகளைப் பனிக்கட்டி நிறைத்த தூக்குவாளியில் வைத்து மடியில் ஏந்தியிருந்தாள். பாதி வழியில் பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. எங்கள் நாட்டிலாயின் இத்தகைய வேளையில் எல்லோரும் குடை விரித்து வாய்மூடி நிற்பார்கள். இங்கே ஒருவர் ஓட்டுநருக்கு யோசனை சொன்னார். மற்றொருவர் அந்த யோசனையைக் கண்டித்தார். கால்மணி நேரத்தில் அவர்கள் தூரத்து உறவினர் என்பதும் தெரியவந்தது.

வெயில் ஏற ஏற வாளிக்குள் பனிக்கட்டி நீராயிற்று. மருந்திலிருப்பது உயிருள்ள கிருமி. வெப்பம் கண்டால் செத்துவிடும். பூங்கோதையின் முகம் வாடத் தொடங்கிய நேரத்தில், மிதிவண்டியில் குச்சி ஐஸ் விற்பவர் மணியடித்துக்கொண்டு வந்தார். பெட்டியிலிருக்கும் பனிக்கட்டி மட்டும் வேண்டும் என்று கேட்டோம்.

"கட்டியக் குடுத்துட்டு ஐஸ நான் வாயில போட்டுக்கவாம்மா?" என்றார் அவர். நியாயமான கேள்வி. இருந்த குச்சி ஐஸ் அனைத்தையும் வாங்கிப் பயணிகளுக்குக் கொடுத்துவிட்டோம். ஓட்டுநர் சக்கரத்தடியில் படுத்தபடியே ஒன்றைச் சுவைத்தார். உப்புக் கலந்த அந்தப் பனிக்கட்டி வாளிக்கு இடம் மாறியது. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு மூதாட்டி கேட்டார். கோழிக் காலராக் கிருமி என்று நான் உண்மையை உரைத்ததும் எங்கள் இருக்கையைச் சுற்றி நல்ல காற்றோட்டம் ஏற்பட்டது.

பேச்சியம்மாள் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். தீவனத் தட்டைக் கீழே வைக்காமலே எங்களை வரவேற்று, மோர் கொடுத்தார். ஆனால் ஊசியைப் பற்றிப் பூங்கோதை பேச்செடுத்ததும் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். விடை சொன்னவர் அவர் கணவர் முனியாண்டி. என் துண்டறிக்கையை மடிப்புக் குலையாமல் கூரை எறவாணத்திலிருந்து உருவி எடுத்தார்.

"படிக்காம வேணாங்கல ஐயா. எம் மகளை விட்டு ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன். கிருமி வீரியமானதுன்னு போட்டிருக்கு. எங்களுக்குக் குடுக்குற மருந்து மட்டும் வீரியம் கொறஞ்சதாம். நல்ல மருந்த பெரிய பண்ணைக்குக் குடுத்துட்டு, தண்ணி ஊத்துனத எங்ககிட்டத் தள்ளிவிடுறதா?"

வில்லாபுரத்துச் சுவர் என் கண்முன் வந்து நின்றது. வீரியப் பருத்தி, வீரியச் சோளம், வீரியமான பூச்சிமருந்து. இவ்வூர் வேளாண் மக்களுக்கு வீரியம் என்றால் மேலான ரகம். அது குறைந்தது என்றால் மட்டமான சரக்கு. கொல்லும் ஆற்றல் நீக்கிய கிருமி என்று எழுதுவதாக எண்ணி, கலப்படம் செய்த மருந்து என்று எழுதி, மஞ்சள் தாளில் அச்சிட்டு, ஊரெங்கும் வழங்கச் செய்திருக்கிறேன். எச்சிற்சோறும் இரண்டாந்தரமுமே தமக்கு வரும் என்று தலைமுறைகளாகக் கண்டவர்கள், அந்த வரியை வேறு எப்படிப் படிப்பார்கள்?

"அந்தச் சொல்லை எழுதியவன் நான்தான், தவறு என்னுடையது" என்று அவரிடம் கூறினேன். முனியாண்டி என் வேட்டியையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்துவிட்டு, உட்காருங்க ஐயா என்று கட்டிலைக் காட்டினார்.

நான் விளக்க முற்பட்டேன். நோயுண்டாக்கு திறன், காப்புத்தன்மை என்றெல்லாம் தொடங்கினேன். ஆறு சொற்களுக்குள் பேச்சியம்மாள் என்னை நிறுத்தினார்: "வெறும் பேச்சாச் சொல்லுங்க ஐயா."

பூங்கோதை சொன்னாள். வெள்ளைக் கழிச்சலுக்கு இத்தனை ஆண்டுகளாக அவர்கள் போட்டு வருவதும் இவ்வாறு அடக்கிய நோய்ப்பொருள்தான் என்றாள். போர்வைக் கதையைச் சொன்னாள். உயிரோடுதான் இருக்கிறது, உடம்புக்குள் போய்ப் பெருகவும் செய்யும், ஆனால் கொல்வதற்கான கருவி அதனிடம் இல்லை என்றாள். பேச்சியம்மாள் தீவனத் தட்டை இடுப்பில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்வை முற்றத்து முளையில் கட்டியிருந்த கறுப்பு ஆட்டின்மேல் நின்றது. அதற்குக் கொம்பு இல்லை. பிறப்பிலேயே கொம்பில்லாத ஆடுமாடுகளை அப்பக்கம் மோழை என்கிறார்கள்.

"அப்ப இது மோழக் கிருமி" என்றார்.

பூங்கோதை விழித்தாள். அவர் தொடர்ந்தார்: "இந்த மோழ இருக்கே, நல்லா முட்டும். குத்தாது. பிள்ளைக இதுகூட விளையாண்டே வளந்துச்சுக. இப்பக் கொம்புக் கிடாயே பாஞ்சு வந்தாலும் எப்படி ஒதுங்கணும்னு அதுகளுக்குத் தெரியும். அதானே நீங்க சொல்றது?"

"அதேதாங்க" என்றாள் பூங்கோதை. மூன்றாண்டு ஆராய்ச்சியை ஓர் ஆட்டுக்குள் அடக்கிவிட்டாரே என்று நான் வியந்துகொண்டிருக்கையில், பேச்சியம்மாள் தட்டைத் தரையில் வைத்தார். குரல் மாறியிருந்தது.

"சரி டாக்டரம்மா. இந்த மோழைக்குப் போன ஈத்துல ரெண்டு குட்டி. ஒண்ணு மோழ, ஒண்ணுக்குக் கொம்பு மொளச்சிருச்சு. உங்க கிருமிக்கும் அப்படி எங்க கொட்டகைக்குள்ள வச்சுக் கொம்பு மொளச்சா என்ன செய்ய?"

பூங்கோதையின் ஆய்வகத்தில் எல்லோரும் அஞ்சுகிற கேள்வி அதுவே என்று பிறகு என்னிடம் கூறினாள். இழந்த மரபணு வேறு வழியில் திரும்பி வந்தால், மருந்தே நோயாகிவிடும்.

"ஒரு கோழியில இருந்து இன்னொரு கோழிக்குன்னு பல தடவ மாத்திப் பாத்துட்டோம். இதுவரைக்கும் மொளைக்கல. மொளைக்கவே மொளைக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள்.

நான் மனத்துக்குள் திடுக்கிட்டேன். இவ்வளவு உண்மை தேவையா என்றுகூடத் தோன்றியது. பேச்சியம்மாளோ அந்த விடையைத்தான் எதிர்பார்த்திருந்தார் போலும். விதைக் கடைக்காரன் இதுவரை ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை என்று கணவரிடம் கூறினார். பிறகு தீர்ப்பளித்தார்: முதலில் வீட்டுச் சேவலுக்குப் போடவேண்டும்; விடியற்காலையில் அது கூவினால் கொட்டகைக்கும் போடலாம்.

அச்சேவல் முனியாண்டியின் செல்லப்பிள்ளை. செங்கழுத்தும் கருவாலும் உடைய நாட்டுச் சேவல். "எனக்குப் போடுங்க, கூவிக் காட்டுறேன்" என்றார் அவர். மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறக்கை மடிப்பில் பூங்கோதை குத்தியபோது சேவல் சும்மா இருந்தது. முனியாண்டிதான் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று அங்கேயே தங்கினோம். கோழி வளர்க்கும் வீட்டில் எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பும் கேப்பைக் களியும் கிடைத்தன. பினாங்குக் கருவாட்டில் இல்லாத ஒரு காரம் அதிலிருந்தது. நான் கண்ணீர் பெருக்கியபடி மூன்றாம் உருண்டையையும் உண்டேன்.

விடியுமுன் ஊர்ச் சேவல்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. கால்வாய்ப் பக்கம் ஒன்று, கோயில் பக்கம் ஒன்று. எனக்கு எல்லாம் ஒரே குரலாகத் தோன்றின. பேச்சியம்மாள் முற்றத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தள்ளினார்.

"இது நம்மது இல்ல" என்றார். சிறிது நேரம் கழித்து, "இதுவும் இல்ல."

கிழக்கு வெளுத்துவிட்டது. பூங்கோதை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையை நான் பற்றியபோது அது வாளிப் பனிக்கட்டியைப் போலிருந்தது. இறுதியில் பேச்சியம்மாளே சேவலைக் கவிழ்த்திருந்த பஞ்சாரக் கூடையை நோக்கி நடந்தார். அதன்மேல் இரண்டு சாக்குகளும் முனியாண்டியின் கம்பளியும் இறுகப் போர்த்தியிருந்தன.

"ஏய்யா, எவன்யா இத இப்படி மூடுனது?"

ஊசி போட்ட உடம்பாயிற்றே, பனி படக்கூடாது என்று தாம்தான் மூடியதாக முனியாண்டி ஒப்புக்கொண்டார். சேவலுக்கு இன்னும் விடியவே இல்லை. கூடையைத் தூக்கியதும் அது வெளியே வந்து, இறக்கையை உதறி, எங்கள் நால்வரையும் ஏறிட்டுப் பார்த்து, இருமுறை கூவியது. பூங்கோதை சிரித்துக்கொண்டே அழுதாள். பேச்சியம்மாள் கணவரை நோக்கி, ஒரு ராத்திரி எனக்கு இப்படிக் கம்பளி போத்தியிருப்பியா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொட்டகைக் கதவைத் திறந்தார்.

அன்று மாலைவரை கோழி பிடித்தேன். பிடித்துத் தருவது என் வேலை, குத்துவது பூங்கோதை, எண்ணெய் மை தொட்டு அடையாளமிடுவது பேச்சியம்மாள். என் வெள்ளை வேட்டி அதன்பின் வெள்ளைக்குத் திரும்பவேயில்லை. முனியாண்டி சேவலைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று வந்தார். மறுநாள் ஐந்து வீட்டார் எங்களைக் கூப்பிட்டார்கள்.

எஞ்சிய வாரங்களை மதுரையில் இன்பமாகக் கழித்தேன். கோயில், அங்காடி, பருத்திப்பால். ஒரு வேலையும் செய்தேன்: துண்டறிக்கையைத் திருத்தி எழுதினேன். 'வீரியம்' வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, கொம்பில்லா ஆட்டின் கதையை அப்படியே எழுதி, 'மோழைக் கிருமி' என்று பெயரிட்டேன். இலக்கணம் கற்றவர்கள் நகைக்கக்கூடும் என்ற கூச்சம் இருந்தது. பூங்கோதை கோழிப் படத்திற்குப் பக்கத்தில் ஓர் ஆட்டையும் வரைந்து அச்சுக்குக் கொடுத்தாள்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் செய்தி வந்தது. நோய் கால்வாயைத் தாண்டிவிட்டது. முதற்பேருந்தில் ஓடினோம். ஊசி போடாத வீடு ஒன்றின் பின்புறம் குழி வெட்டி மூடியிருந்தார்கள். பேச்சியம்மாளின் முற்றத்தில் நுழையுமுன்பே கொட்டகையின் இரைச்சல் கேட்டது. தீனிக்காக ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும் கோழிகளின் இரைச்சலைவிட இனிய இசையை இவ்வயதில் நான் கேட்டதில்லை.

"மூணு போச்சு டாக்டரம்மா. உங்க மோழ நடுவுல கொஞ்சம் கண்ணசந்திருச்சு போல" என்றார் பேச்சியம்மாள். அவர் தீவனத் தட்டைக் கீழே வைக்கவில்லை. பூங்கோதை அந்த மூன்றையும் தன் ஏட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டலாகாது என்று வழி நெடுகிலும் எனக்குச் சொன்னாள். இடையிடையே ஏதோ ஒரு பாட்டையும் முணுமுணுத்தாள்.

திரும்பும் பேருந்தில் கூட்டம். எனக்கு முன்னிருக்கையில் வேற்றூர்க்காரர் இருவர். ஒருவர் மடியில் சாக்குப்பை. அதற்குள்ளிருந்து ஒரு பெட்டைக்கோழி தலையை நீட்டியிருந்தது.

"மோழ ஊசி போட்டாச்சா மாப்ள?" என்றார் ஒருவர்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாற்பது ஆண்டுகளில் நான் ஆக்கிய நூற்றுக்கணக்கான சொற்களுள் ஒன்றைக்கூட அறிமுகமற்றவர் வாயில் கேட்டதில்லை. இதையும் நான் ஆக்கவில்லை. என்றாலும் நெஞ்சு நிறைந்தது.

"நாளைக்குப் போடச் சொல்லியிருக்கேன்" என்றார் மற்றவர். "அதென்ன மோழ ஊசி?"

"அந்த ஊசிக்கு முனையே கெடையாதாம்ப்பா. மோழையாம். அதான் கோழிக்கு வலிக்கிறதே இல்லையாம்."

பூங்கோதை என்னைப் பார்த்தாள். திருத்துவதற்கு என் வாய் தானாகவே திறந்துகொண்டது. அது என் வாழ்நாள் பழக்கம். கோழி வைத்திருந்தவர் அதன் தலையைத் தடவி, "பாத்தியா, வலிக்காதாம்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.